முன்னிருப்பு

ப்ர்னோ நகரம், போஹுனிட்சே குடியிருப்பு, ஆறாம் மாடி.
குழாய்க்குள் வெந்நீர் முனகத் தொடங்கிய முதல் வாரம்.
நீச்சல்குளத்தில் சீட்டுக் கிழித்துவிட்டு வந்த கையில்
குளோரின் வாடை இன்னும் போகவில்லை.
யார்மிலா ஒரு கோப்பை இருமுறை தட்டுகிறாள்:
வ்லாஸ்தாவின் அண்ணன் குளத்தை வடித்துக்
கெண்டை பிடித்த காலை, நாலு நிமிடம்.

ராடிமின் பிளேயர் எழுந்து வருகிறது.

சாலை வேலைக்கு நட்டுவைக்கும் கூம்புபோல் அதன் சின்னம்.
ஒரு வார்த்தை கேட்காமல் திரை முழுக்க உட்கார்ந்துகொள்கிறது.
சேற்றிலிருந்து பூட்ஸ் பிடுங்கும் சத்தம்
நூற்று இருபத்தைந்து சதவீதத்தில் வெடிக்க,
கீழ்வீட்டு ஹவெல்கா கரண்டியால் குழாயைத் தட்டுகிறார்.

அவனுக்கு இடது காது மந்தம்.
அவனுக்குப் பொறுமையும் கிடையாது,
எதையும் ஒன்றேகால் வேகத்தில்தான் பார்ப்பான்.
கெண்டைகள் பஸ்ஸைத் தவறவிட்டவை போல் துள்ளுகின்றன.

ஆள் லின்ட்ஸுக்குப் போய் எட்டு மாதம்.
சைக்கிள், காபி அரைக்கும் மிஷின், பாதிப் பாத்திரம்,
இருவரில் யாருக்கும் வேண்டாத மான்கொம்பு
எல்லாம் பேசிப் பிரித்தாயிற்று.
வக்கீல் தாளில் விட்டுப்போனது இது ஒன்றுதான்:
இந்த வீட்டில் எதைத் தொட்டாலும்
முதலில் ஓடிவருவது யார்.

முன்னிருப்பு என்று இதற்கொரு பெயர்.
முன்னே இருந்தது, அதனால் இருக்கிறது.
வேறு நியாயம் அதனிடம் கிடையாது.

வலது பொத்தானை அழுத்துகிறாள். 'இதைக் கொண்டு திற.'
ஏழெட்டுப் பெயர்கள் வரிசையில் நிற்க
சாம்பல் நிறத்தில், அதிகம் பேசாத ஒன்றைத் தொடுகிறாள்.
அடியில் ஒரு சின்னக் கட்டம்:
எப்போதும் இதையே பயன்படுத்து.

சுட்டி அந்த 'எப்போதும்' மேல் கொஞ்ச நேரம் நிற்கிறது.
நகர மண்டபத்தில், கழுத்தில் சங்கிலி போட்ட அதிகாரி
ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டபோது
இவ்வளவு யோசிக்கவில்லை அவள்.

டிக்.

மூன்று நாள் நிம்மதி.
நாலாம் நாள் வேறு வால் உள்ள ஒரு கோப்பைத் திறந்தால்
திரை முழுக்க மறுபடி ராடிம்.
ஒரு வாலுக்குச் சொன்னது இன்னொரு வாலுக்குத் தெரியாதாம்.
ஏவிஐக்குத் தனி, எம்கேவிக்குத் தனி,
பாட்டுக்குத் தனி, பழைய கேமரா துப்பிய
பெயர் வாயில் நுழையாத ஒன்றுக்கும் தனி.
ஞாயிறு முழுக்க, கம்பு ரொட்டியும் வெள்ளரி ஊறுகாயுமாக உட்கார்ந்து
ஒவ்வொரு வாலாகப் பிடித்துச் சொல்கிறாள்:
அவர் இப்போது இங்கே இல்லை.
அவர் இப்போது இங்கே இல்லை.
பதினேழு தடவை. கடைசியில் குரலில் சலிப்புகூட இல்லை,
தவறான எண்ணுக்கு வந்த அழைப்பிடம் சொல்வதுபோல.

செவ்வாய் இரவு கணினி தானாகவே
தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அணைக்க வேண்டாம் என்றது.
காலையில் ராடிமும் இல்லை, சாம்பலும் இல்லை,
யாருமே அழைக்காத மூன்றாவது ஒன்று
பல் தெரியச் சிரித்துக்கொண்டு
'உங்களுக்காக நாங்கள் தேர்ந்தது' என்கிறது.
கடவுச்சொல் வேறு கேட்கிறது.

சிரித்துவிட்டாள். சிரித்த வாக்கில்
மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவனுக்கு எழுதினாள்:
உன் பிளேயரும் போயிற்று.
நண்பகலுக்கு மேல் பதில் வந்தது:
ஆஸ்திரியாவிலும் இதே கதைதான்.
அவ்வளவுதான். இரண்டு பேரும் அதற்குமேல் நீட்டவில்லை.

இரவு, மறுபடி வலது பொத்தான். சாம்பலைத் தொடுகிறாள்.
கட்டத்தைக் காலியாக விட்டு
'இம்முறை மட்டும்' என்பதை அழுத்துகிறாள்.
கெண்டைகள் தம் வேகத்தில் புரள்கின்றன.
வலைக்குள் ஒன்று வாய் திறந்து மூடுகிறது,
அவசரமே இல்லாமல்.

குழாயில் சத்தமில்லை.
ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறாள்.